ஆளில்லாத் தொகுதி

தாமஸ் பிட் என்றொரு வெள்ளைக்காரன். 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னர். அதற்கு முன்பே இங்கிலாந்துப் பாராளுமன்ற உறுப்பினன். எந்தத் தொகுதி? ஓல்டு சேரம். அங்கே ஊர் என்று எதுவுமில்லை. இடிந்த மேடும் புல்லும்தான். கும்பெனியின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வியாபாரம் பண்ணிச் சேர்த்த காசில் அந்த மண்ணை வாங்கினான். மண்ணோடு இரண்டு எம்.பி. நாற்காலியும் வந்தது. 1735இல் பேரன் வில்லியம் பிட்டும் அங்கிருந்துதான் உள்ளே போனான். பின்னாளில் பிரதமர். 1832 சீர்திருத்தச் சட்டம் வரை இந்தக் கூத்து நடந்தது.

பிட்டைப் பற்றிப் பேசும் புத்தகமெல்லாம் வைரத்தைத்தான் பேசும். 1702இல் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு வாங்கியது. 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுனுக்கு விற்றான். கொடுத்ததுபோல் ஆறு மடங்குக்கு மேல். இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிருஷ்ணா கரைச் சுரங்கத்தில் அதைத் தோண்டிய அடிமை தன் காலைக் கிழித்துப் புண்ணுக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததாகவும், கப்பல்காரன் அவனைக் கொன்று பிடுங்கியதாகவும் ஒரு கதை உண்டு. கதையிலும் அவனுக்குப் பெயரில்லை. எங்க காயல்பட்டினக் கரையிலும் இதுதானே? முத்தை வாங்கியவன் பேர் நிற்கும், மூச்சடக்கி மூழ்கியவன் பேர் நிற்காது.

1707இல் சென்னையில் வலங்கை, இடங்கைச் சண்டை. கல்யாண ஊர்வலம் யார் எந்தத் தெருவில் போவது? பிட் தெருவையே சாதிக்குப் பிரித்துக் கொடுத்தான். வெள்ளைக்காரன் சாதியை ஒழிக்க வந்தவன்னு சொல்ற தோழர்கள் இதையும் குறிச்சுக்கணும்.

அங்கே ஆளில்லை, உறுப்பினன் உண்டு. இங்கே? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஆள் உண்டு, ஓட்டு உண்டு. 1996 முதல் பத்து வருஷம் தலைவர் நாற்காலியில் தலித்தை உட்கார விடவில்லை. மேலவளவில் ஜெயித்த முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 1932 பூனா ஒப்பந்தம் நமக்குத் தொகுதி தந்தது. அதில் யார் ஜெயிக்கணும்னு தீர்மானிக்கிற ஓட்டு ஊர்த்தெருவில் இருக்கிறது. ஊர்த்தெருவுக்குப் பணிந்தவன்தான் கட்சிக்கு வேட்பாளர்.

ஜெயிச்சு உட்கார்ந்தாலும் பாருங்க. ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போடணும். தலைவர் சேரிக்காரர், துணைத்தலைவர் ஊர்க்காரர். நான் பேங்க் கிளார்க். ஒரு கையெழுத்து மட்டும் உள்ள காசோலையை வாங்கினால் திருப்பித்தான் கொடுக்க முடியும். சேரித் தெருவிளக்குக்கும் குடிதண்ணிக் குழாய்க்குமான பணம் அந்த இரண்டாவது கோட்டில் நிற்கிறது. உங்க ஊராட்சியில் துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்திருந்தால், என்ன வேலைக்கு, எத்தனை மாதம் என்று எழுதி அனுப்புங்க தோழர்களே. அடுத்த இதழில் போடுவோம்.