சாகாத நாய் மேல பாசம் வருமா?

ஃபால்அவுட் கேம்ல வர்ற டாக்மீட் தெரியும்தானே மக்களே? அணுகுண்டுப் போர்ல நாசமாப்போன அமெரிக்காவுல நம்ம கூடவே வர்ற நாய். 1997-ல வந்த முதல் கேம்ல ஜங்க்டவுன்ல கிடைக்கும். சண்டையில செத்தா செத்ததுதான். 2008-ல வந்த மூணாவது பாகத்துலயும் அப்படித்தான். 2015-ல வந்த நாலாவது பாகத்துல மட்டும் சாகவே சாகாது. அடிபட்டுப் படுத்துக்கும், ஸ்டிம்பேக் போட்டா எழுந்துடும்.

பலருக்கு இது நிம்மதி. எனக்கு இல்லை. சாகும்னு தெரிஞ்சப்போ, சண்டைக்கு முன்னாடி அதை ஓரமா உட்கார வெச்சுட்டுப் போனோம். இப்போ எதிரிக் கூட்டத்துக்குள்ள முதல் ஆளா அதைத்தான் ஏவி விடுறோம். பி.காம். பாஷையில சொன்னா, நஷ்டமே வராத சரக்குக்கு யாரும் காவல் போட மாட்டாங்க. நாயோட விசுவாசம் அப்படியேதான் இருக்கு. நம்ம விசுவாசம்தான் காணாமப் போச்சு.

நீங்க என்ன சொல்றீங்க?