சங்கிலி அல்ல, சிகிச்சை வேண்டும்!

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டு, ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர்.

'பேய் பிடித்துவிட்டது' என்று சொல்லி, பம்பாயிலிருந்து உறவினரை ரயிலேற்றும் வழக்கம் நம்மிடையே இன்னும் சாகவில்லை. வெட்கப்படுகிறோம். ஆனால் குற்றம் நம் அறியாமை மட்டும்தானா?

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. குடியிருக்கும் இடத்தருகே சிகிச்சை, ஏழைகளுக்கு இலவசமாக என்கிறது. ஏட்டில் இருந்தால் போதுமா? நெஞ்சின் வேதனையை அரைகுறை இந்தியில் சொல்லி வைத்தியம் பெற முடியுமா?

காய்ச்சலுக்கு மருந்து தரும் நகராட்சி மருந்தகத்திலேயே மனநோய்க்கும் மருந்து வேண்டும். தமிழ் பேசும் ஊழியர் வேண்டும்!

ஓட்டுக் கேட்டு வருவோரே, பதில் சொல்லுங்கள்! தோழர்களே, நோயாளியை வீட்டுக்குள் மறைக்காதீர்! உரிமையைக் கேளுங்கள்!