விமானத்துக்குக் காவல், ஊழியருக்குக் கடிதம்

கலிபோர்னியாவில், மொஹாவே பாலைவனத்தில் விக்டர்வில் என்றொரு ஊர் இருக்கிறது. 2020-ல் உலகம் வீட்டுக்குள் முடங்கியபோது ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் தன் ஏ380 விமானங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. பாலைவனக் காற்றில் ஈரம் குறைவு, உலோகம் அரிக்காது. இன்ஜின்களுக்கு உறை போட்டார்கள். சக்கரம் ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கக் கூடாதென்று அவ்வப்போது உருட்டி வைத்தார்கள். ரப்பரின் கதகதப்புக்குக் கிலுகிலுப்பை விரியன்கள் வந்து சக்கரத்தில் சுருண்டுகொள்ளும். அதனால் சோதனைக்கு வரும் பொறியாளர், முதலில் காலை ஓங்கி மிதித்தபடி விமானத்தை ஒரு சுற்று வர வேண்டும். துடைப்பக் கட்டையால் சக்கரங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் தனிக் கட்டை. அதில் அந்த விமானத்தின் பதிவு எண்ணே எழுதியிருக்கும்.

அதே ஆண்டு நவம்பரில் அதே நிறுவனம் இன்னொரு முடிவையும் அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் 10 விமான நிலையங்களில் பெட்டிகளை ஏற்றி இறக்கியும், விமானத்தை இழுத்து நிறுத்தியும், உள்ளே சுத்தம் செய்தும் வந்த தன் சொந்தப் பணியாளர்களை நீக்கிவிட்டு, அந்த வேலையை வெளி ஒப்பந்தக்காரர்களிடம் விடப்போவதாகச் சொன்னது. வேலை இழந்தவர்கள் 1,800 பேருக்கு மேல்.

பெருந்தொற்றை விமானத்துறை எதிர்கொண்ட விதத்தைச் சாதனைக் கதையாகவும் சொல்லலாம். அதற்கு வேண்டிய ஆதாரம் ஏராளம். ஆனால் அடுத்த தொற்றுக்கு முன்னால் பேசியாக வேண்டியது வேறொன்று. இயந்திரங்கள் மேல் காட்டிய அக்கறையைப் பல நிறுவனங்கள் மனிதர்கள் மேல் காட்டவில்லை. அதற்கான விலையை ஊழியர்கள் முதலில் கொடுத்தார்கள், பயணிகள் பிறகு கொடுத்தார்கள், கடைசியில் நிறுவனங்களும் கொடுத்தன.

அடி பலமானது என்பதில் சந்தேகமில்லை. 2019-ல் சுமார் 450 கோடிப் பேர் விமானம் ஏறினார்கள். 2020-ல் அது 180 கோடியாகச் சரிந்தது. ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்குப்படி, அந்த ஓராண்டில் விமான நிறுவனங்கள் இழந்த வருமானம் சுமார் 37,000 கோடி டாலர். இந்தியாவில் மார்ச் 25 முதல் இரண்டு மாதங்களுக்கு உள்நாட்டுப் பயணிகள் சேவையே கிடையாது. அதே மாதம் நிறுத்தப்பட்ட வழக்கமான சர்வதேசச் சேவை திரும்பியது 2022 மார்ச் 27-ல்தான். விமானம் தரையில் நின்றாலும் குத்தகைத் தவணையும் நிறுத்தக் கட்டணமும் வட்டியும் நிற்பதில்லை. பிரிட்டனின் ஃப்ளைபீ மார்ச் மாதத்திலேயே மூடப்பட்டது. ஏப்ரலில் விர்ஜின் ஆஸ்திரேலியா கடன் தீர்க்க வழியின்றி நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மே மாதத்தில் தென் அமெரிக்காவின் ஏவியான்காவும் லாட்டாமும் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றன.

இவ்வளவுக்கு நடுவிலும் துறை காட்டிய சுறுசுறுப்பு பாராட்டத்தக்கது. உலகின் விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் நின்றதும் அந்த இடமும் இல்லாமல் போனது. அதுவும் முகக்கவசமும் மருந்தும் அவசரமாகத் தேவைப்பட்ட வாரங்களில்! ஏப்ரல் 7 அன்று ஸ்பைஸ்ஜெட்டின் போயிங் 737 ஒன்று டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்தது. இருக்கைகளில் ஆளுக்குப் பதில் சரக்கு. தீப்பிடிக்காத உறை போட்ட இருக்கைகளில் அத்தியாவசியப் பொருட்களை அடுக்கிக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் இருக்கையில் சரக்கேற்றிப் பறந்த முதல் விமானம் அதுதான். இந்த வேலையில் இயந்திரத்தின் உதவி குறைவு. பயணிகள் ஏறும் கதவு வழியாகப் பெரிய சரக்குப் பலகை நுழையாது. ஒவ்வொரு பெட்டியையும் ஆட்கள் கையால் தூக்கி, குறுகலான நடைபாதையில் ஒருவர் மாற்றி ஒருவர் கொடுத்து அடுக்க வேண்டும். இறக்கும்போதும் அதே பாடு. நீக்கத்தகுந்தவர்கள் என்று பல நிறுவனங்கள் முதலில் பட்டியலிட்ட தரைப்பணியாளர்களின் உழைப்பு இது.

தடுப்பூசி வந்தபோது வேறொரு சிக்கல். ஃபைசர் ஊசியை மைனஸ் 70 டிகிரியில் வைக்க உலர்பனி வேண்டும். உலர்பனி ஆவியாகும்போது கார்பன் டை ஆக்சைடு வாயுவாக மாறும்; மூடிய விமானத்துக்குள் அது கூடினால் ஆபத்து. அதனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் யுனைடெட் நிறுவனத்துக்கு அந்த வரம்பை ஐந்து மடங்காக்கி, ஒரு விமானத்தில் 15,000 பவுண்டு வரை அனுமதித்தது. இந்தியாவில் 2021 ஜனவரி 12 அன்று புனேயிலிருந்து புறப்பட்ட விமானங்கள் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு ஒரே நாளில் முதல் தவணை ஊசிகளைக் கொண்டு சேர்த்தன.

ஊழியர்கள் செய்ததும் குறைவில்லை. ஸ்டாக்ஹோமில் வேலையிழந்து நின்ற எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் கேபின் ஊழியர்களுக்கு சோஃபியாஹெம்மெட் பல்கலைக்கழகம் மூன்று நாள் பயிற்சி கொடுத்து மருத்துவமனை உதவியாளர்களாக அனுப்பியது. முதலுதவி தெரிந்தவர்கள், பதற்றத்தில் இருப்பவரிடம் நிதானமாகப் பேசத் தெரிந்தவர்கள் என்பதால் மருத்துவமனைக்கு அவர்கள் பொருந்திப் போனார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஊழியர்களும் கூ டெக் புவாட் மருத்துவமனை வார்டுகளில் பணிபுரிந்தார்கள். அந்த நிறுவனம்கூட 2020 செப்டம்பரில் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது.

இந்தியாவில் 2020 மே 7 அன்று, வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் திட்டம் தொடங்கியது. அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் முதல் விமானங்கள் வந்தன. அடுத்த ஓரிரு நாளில் சென்னைக்கும் வரத் தொடங்கின. பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு, திரும்பியதும் தனிமையில் இருந்து, மறுபடி கிளம்பிப் போனார்கள் ஏர் இந்தியாவின் விமானிகளும் பணியாளர்களும். ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த அப்படியோர் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மழையில் கோழிக்கோட்டின் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். தொற்றுப் பயத்தையும் பார்க்காமல் கொண்டோட்டி மக்கள் ஓடி வந்து காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். இரவோடு இரவாக ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். விசாரணை அறிக்கை விமானி நடைமுறையைப் பின்பற்றாததையே விபத்தின் காரணமாகச் சொன்னது. கூடவே, கோழிக்கோட்டில் போதிய கேப்டன்களைப் பணியமர்த்தாத நிறுவனத்தின் பணியாளர் கொள்கையையும் குறை சொன்னது. மறுநாள் காலை விமானத்தை எடுக்கவும் விபத்துக்குள்ளான விமானத்தின் கேப்டன்தான் போக வேண்டியிருந்தது.

அரசுகள் கைகொடுக்காமல் இல்லை. ஜெர்மனி லுஃப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ உதவித் திட்டம் வகுத்து, 20 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா வேறு வழியில் போனது. 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில் விமான நிறுவனங்களின் சம்பளப் பட்டியலுக்கென்றே தனி நிதி ஒதுக்கியது. மூன்று தவணைகளில் அது சுமார் 5,400 கோடி டாலரானது. நிபந்தனை எளியது: பணத்தை வாங்கினால் கட்டாயமாக யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த நிபந்தனையின் பலத்துக்குச் சான்று அதே ஆண்டிலேயே கிடைத்தது. செப்டம்பர் 30-ல் முதல் தவணைக் காலம் முடிந்தது. மறுநாளே அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுனைடெட்டும் சேர்ந்து 32,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தின. டிசம்பர் கடைசியில் இரண்டாவது தவணை வந்ததும் அவர்களை மறுபடி அழைத்தன. மனசாட்சியை நம்பாமல் சட்டத்தில் எழுதி வைத்ததால்தான் அந்தக் குடும்பங்களுக்குச் சம்பளம் வந்தது. விருப்ப ஓய்வை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அந்த வழியில் போன ஆயிரக்கணக்கானோரின் இடத்தை நிரப்ப முடியாமல் அமெரிக்க நிறுவனங்களும் பிறகு திணறின.

ஆட்களை அனுப்பிய இடங்களில் என்ன நடந்தது என்பதை 2022 கோடை காட்டியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2020 ஏப்ரலில் 12,000 வேலைகள் வரை குறைக்கப்போவதாக அறிவித்திருந்தது. இரண்டே ஆண்டில் பயணிகள் திரும்பி வந்தபோது பெட்டி தூக்க ஆளில்லை. விமான நிலையத்துக்குள் வேலை பார்க்கப் பின்னணிச் சோதனை வேண்டும், பயிற்சி வேண்டும்; ஒரு விளம்பரம் போட்டு மறுநாளே ஆள் எடுக்க முடியாது. விமானிகளுக்கும் அதே கதைதான்: 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை மேலேற்றித் தரையிறக்கியிராதவர், மீண்டும் பயிற்சி பெறாமல் பயணிகளோடு பறக்க முடியாது. லண்டன் ஹீத்ரோ, நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புறப்பட வேண்டாம் என்று ஜூலையில் வரம்பு கட்டியது. பயணிகளைப் பிரிந்து அங்கே கிடந்த 1,000 பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு டெல்டாவின் ஏர்பஸ் ஒன்று, ஒரு பயணிகூட இல்லாமல் டெட்ராய்ட்டுக்குப் பறந்தது. அயர்லாந்தின் ரயன்ஏர், தொழிற்சங்கங்களோடு பேசிச் சம்பளத்தைக் குறைத்தாலும் பெரும்பாலான விமானிகளையும் கேபின் ஊழியர்களையும் கையிலேயே வைத்திருந்தது. அதே கோடையில் அது தொற்றுக்கு முந்தைய அளவைவிட அதிகமாகவே பறந்தது.

ஆஸ்திரேலியாவில் விஷயம் நீதிமன்றம் போனது. தொற்றுக் காலத்தில் 200 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அரசு உதவி பெற்ற குவான்டாஸ், தரைப்பணியாளர்களை நீக்கியது சட்டவிரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தொழிலாளர்களுக்கு 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் 2025 ஆகஸ்டில் 9 கோடி டாலர் அபராதமும் விழுந்தது. ஆட்களை நீக்கி மிச்சம் பிடிக்க நினைத்த கணக்கு இப்படி முடிந்தது.

இந்தியாவில் இண்டிகோ 2020 ஜூலையில் 10 சதவீத ஊழியர்களை நீக்குவதாக அறிவித்தது. மற்றவர்களின் சம்பளத்திலும் வெட்டு விழுந்தது. ஏர் இந்தியா, சம்பளமில்லா விடுப்பில் ஊழியர்களை ஐந்து ஆண்டுகள் வரை அனுப்ப வழி செய்தது. 2022 ஜூலை 2, ஒரு சனிக்கிழமை. அன்று இண்டிகோவின் உள்நாட்டு விமானங்களில் பாதிக்கு மேல் தாமதம். கேபின் ஊழியர்கள் பெரும் எண்ணிக்கையில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்திருந்தார்கள். ஏர் இந்தியாவின் ஆள்சேர்ப்பு அதே நாளில் நடந்துகொண்டிருந்தது.

பயணிகளும் இந்தக் கணக்கில் தப்பவில்லை. ஊரடங்கால் ரத்தான டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தராமல், கிரெடிட் ஷெல் என்ற பெயரில் எதிர்காலப் பயணத்துக்கு வரவு வைத்தார்கள். வேலை போய், வாடகை கொடுக்கத் தவித்தவர்களுக்கு அடுத்த வருடத்து விமானப் பயணம் எதற்கு? 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஊரடங்குக் காலத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு உடனே பணம் தரச் சொன்னது. மற்றவற்றைத் திருப்பித் தர 2021 மார்ச் 31 வரை கெடு கொடுத்து, மாதாமாதம் கூடுதல் தொகையும் சேர்க்கச் சொன்னது. 2022 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஆறு நிறுவனங்களைப் பயணிகளுக்கு 60 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வைத்தது. அதில் ஏர் இந்தியா கொடுத்தது 12.15 கோடி டாலர். டாடா வாங்குவதற்கு முன், அரசின் கையில் இருந்த காலத்துப் பாக்கி அது.

பயணி முன்கூட்டிக் கட்டும் டிக்கெட் பணம், அவர் பறந்து முடியும் வரை அவருடைய பணம்தான். ஆனால் நிறுவனங்கள் அதை அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்துகின்றன. விமானங்கள் நின்ற அன்று திருப்பிக் கொடுக்கக் கையில் காசில்லாமல் போனதற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம்.

சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கெல்லாம் இப்போதே விதி எழுத வேண்டும். நெருக்கடிக் காலத்தில் அரசு உதவியோ வரிச்சலுகையோ பெறும் நிறுவனம், அந்தக் காலம் முழுக்க ஒப்பந்தத் தரைப்பணியாளர் உட்பட யாரையும் நீக்கக் கூடாது. டிக்கெட் முன்பணத்தில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். ரத்தானால் பணமாகவே திரும்ப வேண்டும். வரவாக வாங்கிக்கொள்வதா என்பதைப் பயணி முடிவு செய்யட்டும். விமானங்கள் ஓடி, இருக்கைகள் நிறைந்து, நிறுவனங்களின் கையில் காசிருக்கும் காலத்தில்தான் இத்தகைய விதிகளைப் போட முடியும். அடுத்த ஊரடங்கு அறிவித்த பிறகு போடலாம் என்றிருந்தால், மறுபடியும் அவரவர் நீதிமன்றப் படியேறித்தான் வாங்க வேண்டியிருக்கும்.