இல்லாத ஏணி

2010-ஆம் ஆண்டு அக்டோபர் 13, புதன்கிழமை. கிரிக்கெட் போட்டிகளுக்காக மட்டுமே உயிர்பெறும் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறைத் தொலைக்காட்சிப் பெட்டி அன்று காலை முதலே ஓடிக்கொண்டிருந்தது. சிலி நாட்டின் அதகாமா பாலைவனத்தில் தரைக்குள்ளிருந்து ஓர் இரும்புக் கூண்டு மேலெழும். கதவு திறக்கும். கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு மனிதர் வெளியே வருவார். மனைவியோ மகனோ ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். சிறிது நேரம் கழித்து அடுத்தவர். வகுப்புக்குச் சென்று திரும்பிய ஒவ்வொருவரும் வாசலில் நின்று கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "இப்போது எத்தனை?" கணிதத் துறை நண்பர் ஒருவர் அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் எண்ணை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. மறுநாள் காலை கண் விழித்தபோது முப்பத்துமூன்று பேரும் மேலே வந்துவிட்டிருந்தார்கள்.

அன்றைய கண்ணீரை நான் இன்றும் பொய் என்று கருதவில்லை. ஆனால் அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பிற்பாடு படித்த ஒரு சிறு தகவல் இத்தனை ஆண்டுகளாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அது ஓர் ஏணியைப் பற்றியது.

கோபியாப்போ நகருக்கு அருகிலுள்ள சான் ஹோசே சுரங்கம், செம்பும் தங்கமும் எடுக்கப்பட்ட பழைய சுரங்கம். 2010 ஆகஸ்ட் 5 அன்று அதன் உட்பாதை பாறைச் சரிவால் அடைபட்டது. சுமார் எழுநூறு மீட்டர் ஆழத்தில் சிக்கிய தொழிலாளர்கள் முதலில் செய்தது, காற்றுக்காக அமைக்கப்பட்ட செங்குத்துத் துளை வழியாக மேலேற முயன்றதுதான். விதிகளின்படி அந்தத் துளையில் ஏணி இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இரு நாட்களில் மறுபடியும் பாறை சரிந்து அந்த வழியும் மூடிக்கொண்டது. 69 நாட்கள் நீண்ட அந்தப் பெருங்கதையின் முதல் வரி இந்த இல்லாத ஏணிதான். ஆனால் நூறு கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்ட அந்த ஒளிபரப்பில், நான் பார்த்த மணி நேரங்களில், ஏணி என்ற சொல்லை நான் கேட்கவேயில்லை.

ஏணி மட்டுமல்ல, இன்னும் சில செய்திகளும் உண்டு. 2007-இல் நிகழ்ந்த ஒரு மரண விபத்துக்குப் பின் மூடப்பட்ட சுரங்கம் அது. 2008-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பெரும் சரிவுக்கு ஒரு மாதம் முன்பு, 2010 ஜூலையில், அங்கே ஒரு தொழிலாளி பாறை விழுந்து காலை இழந்தார். அந்தக் காலுக்காக எந்தத் தொலைக்காட்சி வண்டியும் பாலைவனத்தைக் கடந்து வரவில்லை. ஒரு கால் இழப்பில் காத்திருப்பு இல்லை, எண்ணிக்கை இல்லை, அடுத்து என்ன என்ற தவிப்பு இல்லை. அது நடந்து முடிந்த ஒன்று.

நமது இலக்கணம் பயின்ற எவருக்கும் சுரங்க வாயிலில் அமைந்த அந்த முகாம் ஒரு வியப்பைத் தரும். உறவினர்கள் கூடாரமிட்டுத் தங்கிய அந்த இடத்துக்கு 'எஸ்பெரான்சா', அதாவது நம்பிக்கை, என்று பெயர். நிலம் பாலை, ஒழுக்கமோ முல்லையின் இருத்தல். ஆகஸ்ட் 22 வரை, 17 நாட்கள், உள்ளே உயிர் உண்டா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். கீழே இரண்டு நாட்களுக்கான அவசர உணவை வைத்துக்கொண்டு, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு இரண்டு கரண்டி டூனா மீன் என்று பங்கிட்டு ஆண்கள் உயிர்தரித்தார்கள். துளைக்கருவியின் முனையில் கட்டி அனுப்பப்பட்ட துண்டுச் சீட்டு, முப்பத்துமூன்று பேரும் நலமாகப் புகலிடத்தில் இருப்பதாகச் சொன்னது. அதை அதிபர் செபஸ்தியான் பின்யேரா தம் கையாலேயே ஒளிப்படக்கருவிகளின் முன் உயர்த்திக் காட்டினார். அந்த நொடியில் காத்திருப்பு குடும்பங்களின் கையைவிட்டு உலகத்தின் கைக்குப் போயிற்று.

அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் வந்து சேர்ந்தார்கள். உணவும் கடிதங்களும் அனுப்பப்பட்ட குழாய்களுக்குப் 'புறாக்கள்' என்று பெயரிட்டார்கள். அழகான பெயர். ஆனால் கடிதங்கள் உளவியலாளர்களின் பார்வைக்குப் பின்னரே போய்ச் சேர்கின்றன என்று தொழிலாளர்கள் குறைப்பட்டார்கள். உள்ளே சிக்கியிருந்த ஒருவரின் மனைவியும் அவருடைய காதலியும் முகாமில் எதிர்ப்பட்ட செய்தி உலகம் முழுவதும் சிரிப்புக்குரியதாயிற்று. தன் தரப்பைச் சொல்ல முடியாத ஆழத்தில் கிடக்கும் ஒரு மனிதனின் அந்தரங்கத்தைப் பேசிச் சிரிக்கிறோமே என்று எவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. இறுதி நாளின் மீட்புக் காட்சிகளை அரசுத் தரப்பே படமெடுத்து எல்லா அலைவரிசைகளுக்கும் வழங்கியது. ஒவ்வொரு கூண்டு மேலெழும்போதும் நாம் பார்த்தது ஓர் அரசு தன்னைப் பற்றி எடுத்துக்கொண்ட படத்தையும்தான்.

இந்த வழக்கம் புதிதல்ல. 1925-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஃபிளாய்ட் காலின்ஸ் என்ற குகை ஆய்வாளர் பாறையில் கால் சிக்கிக் கிடந்தார். மெலிந்த உடல்வாகு கொண்ட இளம் செய்தியாளர் ஒருவர் உள்ளே தவழ்ந்து சென்று அவரிடம் பேட்டி கண்டார், அவரை விடுவிக்கவும் முயன்றார். வெளியே ஆயிரக்கணக்கானோர் கூடித் திருவிழாக் கடைகள் முளைத்தன. காலின்ஸ் இறந்தார். செய்தியாளருக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. 1951-இல் பில்லி வைல்டர் எடுத்த 'ஏஸ் இன் த ஹோல்' திரைப்படத்தில் ஒரு செய்தியாளன் தன் செய்தி நீள்வதற்காக மீட்பையே தாமதப்படுத்துகிறான். மிகைப்படுத்தல் என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். 2006 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கத்தில் 13 பேர் சிக்கினார்கள். 12 பேர் உயிருடன் இருப்பதாக மறுநாளைய நாளிதழ்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டன. உண்மையில் 12 பேர் இறந்திருந்தார்கள், ஒருவரே பிழைத்திருந்தார். தேவாலயத்தில் மகிழ்ந்து பாடிக்கொண்டிருந்த குடும்பங்கள் சில மணி நேரம் கழித்தே உண்மையை அறிந்தன. நற்செய்திக்கான பசி, செய்தியை உறுதி செய்யும் பொறுமையைத் தின்றுவிட்டது.

இவ்வளவு சொன்ன பின், ஊடகங்களே வேண்டாம் என்று முடித்துவிடுவது எளிது. அப்படி முடிக்க என் மனம் ஒப்பவில்லை. இதை நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் ஒருவர் கேட்பார்: "கேமராக்கள் இல்லாதிருந்தால் அந்த அரசு அத்தனை செலவு செய்து அவர்களைத் தூக்கியிருக்குமா?" நியாயமான கேள்வி. கேமரா வராத இடங்களைப் பார்த்தால் அதன் நியாயம் இன்னும் விளங்கும்.

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெருக்கடிநிலையும் பத்திரிகைத் தணிக்கையும் நடைமுறையில் இருந்த காலம் அது. வழக்கில் தீர்ப்பு வந்தது 2012-இல். அதற்குள் குற்றம் சாட்டப்பட்டோரில் சிலர் காலமாகியிருந்தார்கள். 2018 டிசம்பர் 13 அன்று மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலை மாவட்டத்தில், எலிவளைச் சுரங்கம் ஒன்றில் ஆற்று நீர் புகுந்து பதினைந்து பேராவது சிக்கினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இலேயே தடை செய்த முறை அது. உயர்திறன் நீரேற்றிகள் அந்த மலைக்கு வந்து சேரவே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. மீட்கப்பட்டவை இரண்டு உடல்கள் மட்டுமே. அதே ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் தாய்லாந்துக் குகையில் சிக்கிய பன்னிரண்டு சிறுவர்களுக்காகவும் அவர்களுடைய பயிற்சியாளருக்காகவும் நாம் உறக்கமின்றிக் காத்திருந்தோம். அது தவறில்லை. ஆனால் நம் நாட்டு மலையொன்றில் மூழ்கியவர்களுக்காக அதே நாம் எத்தனை இரவுகள் விழித்திருந்தோம்? அவர்களில் எத்தனை பேரின் முகத்தை நாம் பார்த்திருக்கிறோம்? அவர்கள் செய்தது தடை செய்யப்பட்ட வேலை. ஆகவே அவர்கள் சிக்கிக்கொண்டதும் ஒரு சட்டமீறலைப் போலவே பார்க்கப்பட்டது.

ஆகவே, கேமரா வருவதல்ல என் குறை. அது வாய் மூடிய பின்னர் வருகிறது, வாய் திறந்தவுடன் போய்விடுகிறது என்பதே என் குறை. துளை எப்படி மூடிக்கொண்டது என்ற கேள்விக்கு அது காத்திருப்பதில்லை.

2023 நவம்பர் 12 அன்று உத்தரகாண்ட் மாநிலத்தின் சில்க்யாராவில், கட்டப்பட்டுவந்த சாலைச் சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் சிக்கியபோது இதே நாடகம் நம் மொழிகளில் அரங்கேறியது. பரபரப்பைத் தவிர்க்கும்படி ஒளிபரப்பு அமைச்சகமே தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. இயந்திரம் முறிந்தபின் கடைசிச் சில மீட்டர்களைக் கையால் குடைந்து வழி செய்தவர்கள், தடை செய்யப்பட்ட அந்த எலிவளை முறையை அறிந்த பன்னிரண்டு கூலித் தொழிலாளர்கள். 17-ஆம் நாள் எல்லாரும் வெளியே வந்தார்கள், மாலைகள் விழுந்தன. அந்தத் திட்டத்துக்கு 2018-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது வெளியான அறிவிப்பில், 'தப்பிக்கும் வழியுடன் கூடிய' சுரங்கப்பாதை என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. இடிந்த நாளில் அந்த 41 பேருக்கு அப்படியொரு வழி இருக்கவில்லை. இது நம்முடைய இல்லாத ஏணி. மாலையிடப்பட்ட பன்னிருவரில் ஒருவரின் வீடு, மூன்றே மாதங்களில், 2024 பிப்ரவரியில் ஆக்கிரமிப்பு என்று சொல்லித் தில்லியில் இடிக்கப்பட்டது. அதுவும் செய்தியானதற்குக் காரணம், அவர் முன்பு ஒருமுறை செய்தியாகியிருந்ததுதான்.

சிலியின் முப்பத்துமூவருக்கும் பிற்பாடு நடந்தது ஏறத்தாழ இதுவே. இங்கிலாந்துக் கால்பந்து அரங்கத்துக்கும் அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். பிறகு அழைப்புகள் நின்றன. பலர் வேலையின்றியும், இருளைக் கண்டு அஞ்சும் மனத்தோடும் நாட்களைக் கழித்தார்கள். சுரங்க உரிமையாளர்கள்மீதான குற்ற விசாரணை 2013-இல் எவர்மீதும் குற்றச்சாட்டு இன்றி முடிந்தது. அந்த மீட்பு நடந்து ஒரு மாதம்கூட நிறைவதற்குள் இல்லாவிட்டாலும், ஐந்தே வாரங்களில், 2010 நவம்பர் 19 அன்று, நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அங்கே கூண்டு எதுவும் மேலே வரவில்லை. ஆனால் அரச விசாரணை ஆணையம் அமைந்தது, பாதுகாப்புச் சட்டங்கள் மாற்றி எழுதப்பட்டன. மகிழ்ச்சியான முடிவு கேள்விகளை உறங்க வைக்கிறது, துயரமான முடிவு சில சமயங்களில் எழுப்புகிறது என்பது எவ்வளவு கசப்பான பாடம்.

இலக்கியம் இதில் என்ன செய்ய முடியும் என்று இந்தப் பக்கங்களின் வாசகர்கள் கேட்கலாம். எமிலி ஸோலா 1884-இல் வட பிரான்சின் ஆன்ஸான் சுரங்கப் பகுதிக்குச் சென்றது ஒரு வேலைநிறுத்தத்தின்போது. மறு ஆண்டு வெளிவந்த 'ஜெர்மினல்' நாவலிலும் சுரங்கம் மூழ்குகிறது, மீட்பும் நடக்கிறது. ஆனால் அது நாவலின் கடைசிப் பகுதியில் மட்டுமே வருகிறது. அதற்கு முன் நூற்றுக்கணக்கான பக்கங்களில் கூலி எப்படிக் குறைக்கப்படுகிறது, முட்டுக்கட்டைகள் ஏன் சரியாகப் பொருத்தப்படுவதில்லை, பசி ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்றெல்லாம் சொல்கிறார். கடைசியில் வெள்ளம் புகும்போது அது நமக்குத் தற்செயலாகத் தோன்றுவதில்லை. தொலைக்காட்சி கடைசிப் பகுதியை மட்டும் கிழித்தெடுத்து நம் கையில் தருகிறது. முன்பக்கங்களைத் தேடிப் படிப்பது நம் வேலையாகிறது.

சான் ஹோசேயில் அந்த ஏணி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சில சமயம் எண்ணிப்பார்ப்பதுண்டு. அன்றோ மறுநாளோ முப்பத்துமூன்று பேரும் தூசு படிந்த முகங்களோடு மேலேறி வந்து, மேலாளரைத் திட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உறங்கியிருப்பார்கள். அதிபர் வந்திருக்க மாட்டார். கோபியாப்போ என்ற பெயர் நம் காதில் விழுந்திருக்காது. கணித நண்பர் பலகையில் எண் எழுதியிருக்க மாட்டார், நானும் அழுதிருக்க மாட்டேன். அதுதான் உண்மையில் நல்ல செய்தி. ஆனால் அது செய்தியாகாது.

அடுத்த முறை எங்கோ ஒரு வாயில் மூடிக்கொள்ளும். எல்லாரையும் போல நானும் "இப்போது எத்தனை?" என்று கேட்பேன். கேட்காமலிருக்க முடியாது. அதோடு சேர்த்து "ஏணி எங்கே?" என்றும் கேட்கப் பழக வேண்டும் என்பதே என் ஆசை. கடைசி மனிதர் மேலே வந்து கேமராக்கள் மூட்டை கட்டிய பிறகும்.