கோப்பையில் கலந்த களைப்பு

மதுரைச் சீமையில் காப்பியின்றிப் பல இல்லங்களில் பொழுது விடிவதில்லை. தென் அமெரிக்காவின் பராகுவே, அர்ஜென்டினா மக்களுக்கோ 'மாத்தே' வேண்டும். காய்ந்த இலையைச் சுரைக் குடுக்கையிலிட்டு, வெந்நீர் வார்த்து, குழலால் உறிஞ்சுவர். காப்பியில் நம்மைத் தட்டியெழுப்பும் காஃபீனே அவ்விலையிலும் உண்டு.

துயரிலும் இரண்டும் உடன்பிறப்புகளே. தொலைக் காடுகளில் அவ்விலையைப் பறித்துச் சுமந்த குவாரனி மக்கள் பலர் மாண்டனர். அக்கொடுமையைச் சேசு சபைக் குரு மொந்தோயா 1639-இல் நூலில் எழுதி உலகறியச் செய்தார். பின்னர் அச்சபைக் குருக்கள் அம்மரங்களை ஊரருகிலேயே நட்டு வளர்த்தனர்; உயிர் குடித்த நெடும்பயணம் குறைந்தது.

நம் சமவெளியின் கதையும் வேறன்று. 19-ஆம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் ஏழை மக்கள் கடல் கடந்து, காட்டுவழி நடந்து, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தோர் பலர்.

அன்பர்களே, நம் களைப்பைப் போக்கும் கோப்பையில் பிறர் களைப்பு கலந்திருக்கிறது. காப்பியை விடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நமக்காக உழைப்போர்க்கு உரிய கூலியும் ஓய்வும் கிடைக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்போம். எல்லோர்க்கும் முன் எழுந்து காப்பி கலக்கும் தாய், தம் பங்கை ஆறுமுன் அமர்ந்து அருந்துகிறாரா? அந்த விசாரணையை நாளைக் காலையே நம் வீட்டு அடுக்களையில் தொடங்கலாம்.