தோண்டிய நிலம் திரும்ப வேண்டும்

நெய்வேலிச் சுரங்கப் பணியை 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மறு ஆண்டே அதிலிருந்து மின்சாரம் பிறந்தது. அம்மின்சாரத்தால் எத்தனையோ கிணற்றுப் பம்புகளும் விசைத்தறிகளும் ஓடின. அந்நன்மையை மறத்தல் நன்றியன்று. ஆயினும், நிலத்தைக் கொடுத்த குடியானவனுக்கு நாடு பட்ட கடன் தீர்ந்ததா என்பதே வினா.

திறந்தவெளிச் சுரங்கம் பூமியின் மேற்பரப்பையே அகற்றுவது. கரியின்மேல் ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் வரை கனத்துக் கிடக்கும் மண்ணையும் மணற்பாறையையும் இராட்சத இயந்திரங்கள் வெட்டி எடுக்கின்றன. நிலத்தடி நீரின் அழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துவிடாதபடி, இரவும் பகலும் நீரை இறைக்கவும் வேண்டும்.

பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பலாம். நிரப்பிய இடமெல்லாம் விளைநிலமாகிவிடாது. பயிரை வளர்க்கும் உயிர்ச்சத்து மேல்மண்ணில்தான் உள்ளது. அதைத் தனியே வாரிக் காத்து, நெடுநாள் கிடக்க விடாது மீண்டும் பரப்பி, சணப்பை, தக்கைப்பூண்டு முதலியவற்றை விதைத்து மடக்கி உழுது, தொழுவுரமிட்டுச் சில ஆண்டுகள் பேண வேண்டும். நெய்வேலியில் நிரப்பிய நிலத்தில் மரம் வளர்த்தும் பயிரிட்டும் காட்டியுள்ளனர். ஆனால் மரம் நிற்பது வேறு. குடியானவனின் களம் நிறைவது வேறு.

நிற்க. 2023 ஜூலையில் வளையமாதேவியில், விளைந்து வந்த நெற்பயிரின்மீது இயந்திரங்களை ஓட்டிப் பரவனாற்றைத் திருப்பக் கால்வாய் வெட்டியதை நாடு கண்டது. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுத்திருந்தால், உழவன் மனம் இத்துணை கசந்திராது.

நெசவாளர் கொண்டுவரும் சேலையைச் சங்கம் அளந்து, இழை எண்ணிப் பார்த்த பின்னரே ஏற்கிறது. மீட்ட நிலத்தையும் அவ்வாறே மண்ணைச் சோதித்து, மூன்று போக விளைச்சலை நிறுத்துப் பார்த்த பின்னரே மீட்டதாகக் கணக்கில் எழுத வேண்டும். அந்நிலத்தை, அதனை இழந்த குடும்பங்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்கு நீண்ட காலக் குத்தகையாக விட வேண்டும்.

“விலை கொடுத்தாயிற்றே” என்பர் சிலர். நிறுவனம் நாடியது கரியை. கரி தீர்ந்த பின் வயலால் அதற்கு ஆவதென்ன? உழவனுக்கோ அதுவே வாழ்வு. தனியொருவர் கேட்டால் மனுவாய் முடிவதைச் சங்கம் கேட்டால் உரிமையாக்கலாம். அங்கத்தினர்கள் தத்தம் பேரவைக் கூட்டங்களில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக.