புல்லட்னா ஒழுகத்தான் செய்யுமா?

சாத்தான்குளம் பக்கம் பழைய புல்லட் வைத்திருக்கும் அண்ணாச்சி யாரிடமாவது, வண்டிக்கு அடியில் கிடக்கும் ஆயில் பொட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். "புல்லட்னா ஒழுகத்தான் செய்யும் தம்பி. ஒழுகலேன்னாதான் பயப்படணும், உள்ள ஆயிலே இல்லேன்னு அர்த்தம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த ஒரு ஜோக்கை நம்பியே கெட்டுப்போன இன்ஜின்கள் நிறைய.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தயாரான 350 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின், அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டு ஓடியது. இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி, இடது பக்கம் பிரைமரி செயின் கேஸ் தனி. இன்ஜின் கேஸும் நெட்டுக்கு இரண்டாகப் பிளந்து சேர்த்தது. இணைப்பு கூடினால் ஒழுகுகிற இடமும் கூடும், அவ்வளவுதான். 1969ல் வந்த ஹோண்டா சிபி 750ல் கேஸைப் படுக்கைவாட்டில் பிளந்து செய்தார்கள். பெரிய பைக் என்றாலே தரையில் ஆயில் என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போனது. புல்லட்டிலும் 2000களின் கடைசியில் வந்த யுசிஇ இன்ஜினில் கியர்பாக்ஸ் ஒரே கேஸுக்குள் போய்விட்டது. ஆக, ஒழுகல் என்பது வண்டியின் ராசி இல்லை. காரணம் உள்ள, கண்டுபிடிக்கக்கூடிய விஷயம்.

ஆனால் நம்ம ஊரில் நடப்பது என்ன? ஒழுகுதா, ஸ்பானரை எடுத்து இன்னும் ஒரு சுற்று முறுக்கு. அப்பவும் நிற்கலையா, மேலாக சீலன்ட்டை அப்பு! அலுமினியக் கேஸில் மறை அறுந்து போவது இப்படித்தான். அளவுக்கு மீறி வைத்த சீலன்ட் உள்பக்கம் பிதுங்கி, துண்டு துண்டாகப் பிய்ந்து, ஆயில் போகிற வழியை அடைத்தால் அப்புறம் ஒழுகலே பரவாயில்லை என்றாகிவிடும்.

சரியான வழிக்குப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும். முதலில் மண்ணெண்ணெய் போட்டு இன்ஜினைச் சுத்தமாகக் கழுவித் துடைக்க வேண்டும். இங்கே இது ரொம்ப முக்கியம். உடன்குடி, குதிரைமொழி பக்கத்துத் தேரி மண் புழுதியாகப் பறந்து ஆயிலில் ஒட்டிவிட்டால், எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. காய்ந்தபின் சந்தேகமுள்ள இணைப்புகளில் முகப்பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டும். ஆயில் கீழே இறங்கும், காற்றில் பின்னால் போகும். அதனால் சொட்டுகிற இடத்தைப் பார்க்கக்கூடாது. நனைந்ததில் உயரமான, முன்னால் உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். ராக்கர் கவரில் கசிந்தது அடியில் சொட்டி, கேஸ் போச்சு என்று பயம் காட்டும்!

கேஸ்கட்டைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, பிரீதர். பிஸ்டன் கீழே வரும்போது கேஸுக்குள் காற்று அழுத்தம் ஏறும். அதை வெளியேற்றுகிற வழி அடைத்திருந்தாலோ, ரிங் தேய்ந்து எரிந்த காற்று கீழே இறங்கினாலோ, அந்த அழுத்தம் கிடைத்த இடுக்கில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். அப்போது எந்தக் கேஸ்கட் போட்டாலும் ஒரு மாதம்தான்.

இரண்டு, ஆயில் அளவு. பல நாள் நிறுத்தி வைத்த புல்லட்டில், டேங்கில் இருக்க வேண்டிய ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கேஸின் அடிக்கு இறங்கிவிடும். குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். உடனே அரை லிட்டர் ஊற்றுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் அளவுக்கு மீறியது பிரீதர் வழியாகக் கொட்டும். "பார்த்தியா, ஒழுகுது!" சில நிமிடம் ஓடவிட்டு அளந்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் கேஸ்கட், ஆயில் சீல், செம்பு வாஷர் எல்லாம். பழைய செம்பு வாஷரைச் சிவக்கப் பழுக்கவைத்து ஆறவிட்டால் மறுபடி மெதுவாகி நன்றாகப் பிடிக்கும். செலவு சொற்பம்.

"பழைய வண்டி, லேசாகக் கசியத்தானே செய்யும்" என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இணைப்பில் ஈரம் படிவது கசிவு, அதோடு வாழலாம். தரையில் சொட்டுவது ஒழுகல். வாரம் 100 மில்லி போனால் 20 வாரத்தில் 2 லிட்டர். ஏறக்குறைய இன்ஜினில் உள்ள மொத்த ஆயிலும் அவ்வளவுதான். ஊற்ற மறந்துகொண்டே இருந்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பயம், அந்த ஆயில் பின் டயரில் படுவது. திசையன்விளை ரோட்டு வளைவில் சறுக்கி விழும்போது அந்த ஜோக் யாருக்கும் சிரிப்பாக இருக்காது.

அப்பா, தாத்தா காலத்து வண்டி என்று பெருமைப்படுகிறவர்கள் அதன் மேல் பாலிஷ் போட்டால் மட்டும் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, மண்ணெண்ணெயும் பவுடரும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது "ஒழுகுது அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லாமல், "இந்த இடத்துல இருந்து வருது" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.